ஒற்றைக்கால் கொக்கு

எரிந்துபோன கொட்டிலைச் சுற்றி நின்ற எல்லோரும் ஒரே பெயரைச் சொன்னார்கள். யதுர்ஷிகாவுக்கு அதுவே முதல் சந்தேகம். ஒரு ஊர் ஒரு பெயரில் இவ்வளவு கெதியாக ஒத்துப்போகாது.

"கிருபன்தான்," என்றாள் சிவனேஸ்வரி. தர்மபுரம் விவசாயிகளின் கமக்காரர் அமைப்புக்குத் தலைவி. இடது கையில் முழங்கை வரை தீப்புண்ணுக்குக் கட்டு. "அவன்தான் வந்து பெட்டியைத் திறந்தவன். நல்ல சாமானைக் களவெடுத்துப்போட்டுப் போலியை மாத்தினவன். மாத்திப் போய் ஒரு மாசம் இல்லை, வெடிச்சுது. மேல கிடுகுக் கூரை. பேந்து கேக்கவே வேணும்?"

பெட்டி என்று அவள் சொன்னது சோலர் பம்மின் கொன்ட்ரோலரை. வெயிலிலிருந்து வரும் மின்சாரத்தைக் கிணற்று மோட்டருக்கு ஏற்றபடி நறுக்கி அனுப்புகிற பெட்டி. நறுக்குகிற வேலையைச் செய்வது உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர்கள். கறுப்புச் சதுரம், கீழே மூன்று கால். அது செத்தால் பம் செத்தது. பம் செத்தால் சிவனேஸ்வரியின் பின்னால் கிடந்த கச்சான் தோட்டம் மாதிரித்தான்: இலை சுருண்டு, மண் வெடித்து, கடலை பிடிக்காமல்.

"இந்தப் போகத்தில இது மூண்டாவது பெட்டி," என்றாள். "மூண்டும் கிருபன் திருத்தினது."

"வேற ஆரும் திருத்துறவை இருக்கினமோ இஞ்ச?" என்று கேட்டான் நிஷாந்தன்.

"இல்லை."

"அப்ப வெடிக்காத பெட்டியளும் அவன் திருத்தினதுதானே அக்கா."

சிவனேஸ்வரி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "உவர் ஆர்?"

"ஓட்டோக்காரன்," என்றாள் யதுர்ஷிகா. "வாயைப் பொருட்படுத்தாதேங்கோ."

நிஷாந்தன் ஓட்டோ மட்டும் ஓட்டுகிறவன் இல்லை. யதுர்ஷிகாவுக்கு இருக்கும் ஒரே உதவியாளனும் அவன்தான். அவள் முன்பு வவுனியாவில் ஒரு காப்புறுதிக் கம்பனிக்காகப் பொய் விபத்துகளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடித்த விபத்தொன்று முகாமையாளரின் மச்சானுடையது. வேலை போனது. இப்போது தனியாகத் துப்பறிகிறாள். ஆட்கள் வருவது குறைவு. வருகிறவர்களும் பாதி உண்மையோடுதான் வருவார்கள்.

நேற்று வந்தது கிருபனின் மனைவி ஜெயரூபி. "என்ர மனுசன் கள்ளன் இல்லை," என்றாள். பெண்சாதிமார் அப்படித்தான் சொல்வார்கள். அதற்காக யதுர்ஷிகா இந்த வேலையை எடுக்கவில்லை. "அப்ப ஏன் அவர் வாய் திறக்கிறார் இல்லை?" என்று கேட்டபோது ஜெயரூபி பதில் தெரியாமல், உட்கார்ந்திருந்த கதிரையின் கையைச் சுரண்டினாள். அதற்காகத்தான் எடுத்தாள்.

"உங்களுக்குப் புதுப் பம் வருமோ?" என்று சிவனேஸ்வரியைக் கேட்டாள்.

"கம்பனி தருமாம்."

"எப்ப?"

"களவு ஆர் செய்ததெண்டு முடிவானாப் பிறகு."

"பிழை கம்பனியின்ர பக்கம் எண்டால்?"

"விசாரிக்க வேணுமாம். எல்லாப் பெட்டியையும் கழட்டிக் கொண்டு போவினமாம். அதுவரைக்கும் கச்சான் பாத்துக்கொண்டு நிக்குமோ?" சிவனேஸ்வரி குரலை உயர்த்தவில்லை. "பின்னேரம் கூட்டம். பொலிசும் வருது. இண்டைக்கே அவனைக் குடுக்கிறம்."

ஆக, ஊருக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. தண்ணீர் அந்தப் பெயருக்குப் பின்னால் நின்றது.

நிஷாந்தன் சாம்பலுக்குள் தடியால் கிளறி, கருகிய அலுமினியத் தகடொன்றை இழுத்தான். அதில் இன்னும் ஒரு டிரான்சிஸ்டர் ஆணியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மற்றவற்றைக் கம்பனிக்காரர் எடுத்துப் போய்விட்டாராம். யதுர்ஷிகா அதைச் சட்டை நுனியால் துடைத்தாள். கறுப்பு முகத்தில் வெள்ளை மையில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் ஒற்றைக் காலில் ஒரு கொக்கு.

"நெருப்புக்குள்ள நிண்டும் காலை மாத்தேல்லை," என்றான் நிஷாந்தன். "உறுதியான பறவை."

*

கம்பனிக்காரரைக் கிளிநொச்சியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பிடித்தார்கள். ஜனார்த்தனன். எல்வாரா செமிகண்டக்டர்ஸ் என்ற ஐரோப்பியக் கம்பனியின் கொழும்புப் பிரதிநிதி. சேர்ட்டை உள்ளே விட்டு, ஏ.சி. இல்லாத கடையில் ஏ.சி.க்குள் இருப்பவர் போல உட்கார்ந்திருந்தார்.

"நீங்கள் முந்தநாளே வந்திட்டீங்கள்," என்றாள் யதுர்ஷிகா. "முறைப்பாடு நேற்றுத்தான் போட்டவை."

"ரெண்டாவது பெட்டி வெடிச்ச உடனேயே எனக்கு விஷயம் வந்தது மிஸ்."

"ரெண்டாவது வெடிச்ச உடனே வந்திருந்தால் மூண்டாவது வெடிச்சிருக்காதே?"

அவர் பால் விடாத பிளேன்ரீயை ஒரு மிடறு குடித்தார்.

"எல்வாரா பேருக்கு ஒரு கறை வரக்கூடாது," என்றார் பிறகு. பையிலிருந்து பளபளக்கும் புத்தகமொன்றை எடுத்து விரித்தார். கம்பனியின் வரலாறு. தன் குடும்பப் படங்களைக் காட்டுகிறவர் போல ஒவ்வொரு பக்கமாகத் தள்ளினார்.

ஐரோப்பாவில் ஒரு சதுப்பு நிலம். அதன் கரையில் மீனைத் தகர ரின்னில் அடைத்த, மூடிப்போன ஒரு ஆலை. அண்ணன் தம்பி இரண்டு பேர் அதற்குள் டயோட்டு செய்யத் தொடங்கினார்கள். மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் போகவிடுகிற சின்னக் கதவு, அதுதான் டயோட்டு. பிறகு ரேடியோவுக்கு டிரான்சிஸ்டர். பிறகு டிவிக்கு. உலகம் முழுக்கப் போனது. தம்பி செத்தான். அண்ணன் படுக்கையில் விழுந்தான். கம்பனி கைமாறியது. புது முதலாளிமார் ரேடியோச் சாமான்களை நிறுத்திவிட்டுப் பெரிய வேலைகளில் இறங்கினார்கள்: மின்சாரக் கார், காற்றாலை, சோலர்.

"என்ர அப்பா மாயாண்டிக்குத் தன்ர தாத்தாவை எந்த ஊரிலயிருந்து தேயிலைத் தோட்டத்துக்குக் கப்பல் ஏத்தினவங்கள் எண்டு தெரியாது," என்றான் நிஷாந்தன். "இந்த மூண்டு கால் சாமானுக்குப் பரம்பரை வரலாறு இருக்குது."

ஜனார்த்தனன் சிரிப்பதா வேண்டாமா என்று யோசித்து விட்டுவிட்டார்.

யதுர்ஷிகா மேசையில் டிரான்சிஸ்டரை வைத்தாள். "இது?"

"போலி. பாத்த உடனே தெரியும்." புத்தகத்தின் அட்டையைத் தட்டினார். அதில் மூன்று சாய்ந்த கோடுகள். "இதுதான் எங்கட மார்க். கொக்கு அண்ணன் தம்பி காலத்து மார்க். கைமாறேக்க கம்பனிப் பேரை வித்தாங்கள், கொக்கை விக்கேல்லை. அண்ணன்காரன் விடேல்லை. தன்ர வீட்டு வாசல்ல மாட்டி வைச்சிருந்தாராம். அது நடந்து இருபத்தைஞ்சு வருசத்துக்கு மேல. இந்தச் சோலர் சாமான் அதுக்குப் பிறகு எவ்வளவோ காலம் கழிச்சுத்தான் வந்தது. இதில கொக்கு இருக்கவே ஏலாது."

"வெளிநாட்டில இருந்து வந்த போலியோ?"

"சீ. வெளிநாட்டுப் போலியளை நான் எவ்வளவு பாத்திருக்கிறன். எங்கட அசலை விட வடிவா இருக்கும். இது ஆரோ வீட்டில குந்தியிருந்து குத்தின அச்சு. கிருபன் அசலை வித்துப்போட்டு இதைப் போட்டிருக்கிறார். வேற ஆர்?"

"நீங்கள் அனுப்புற அசலில கோடு மார்க் இருக்கும்."

"ஒவ்வொண்டிலயும்."

"கிருபன் அதை எத்தினை வருசமாப் பாக்கிறார்?"

"அஞ்சாறு வருசம். எங்களிட்டத்தானே பயிற்சி எடுத்தவர்."

"நன்றி," என்று எழும்பினாள் யதுர்ஷிகா.

"பின்னேரம் கூட்டத்துக்கு வருவீங்கள்தானே? கிருபன் குற்றத்தை ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாரெண்டால் எல்லாருக்கும் லேசு."

"எல்லாருக்கும் இல்லை," என்றாள்.

*

ஓட்டோவில் ஏறியதும் பெற்றோல் கேட்டாள். நிஷாந்தன் போத்தல் மூடியில் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தான். துணியை நனைத்து டிரான்சிஸ்டரின் முகத்தில் தேய்த்தாள். முதலில் வட்டம் கரைந்தது. பிறகு கொக்கின் கழுத்து. கடைசியாகக் கால். கீழே வெறும் கறுப்பு. பெயரில்லாத சாமான்.

"சாட்சியைக் குளிப்பாட்டிப்போட்டியள்," என்றான்.

"கம்பனிக்காரரிட்ட மற்றதெல்லாம் கிடக்குது. நீ யோசி. கள்ள அச்சடிக்கிறவன் என்ன செய்வான்?"

"அசலைப் பாத்து அச்சடிப்பான்."

"கிருபன்ர கையில அசல் இருந்தது. கோடு போட்ட அசல். மூண்டு கோடு கீறுறது கஷ்டமோ, கொக்குக் கீறுறது கஷ்டமோ?"

நிஷாந்தன் வண்டியை எடுத்தான். பரந்தன் சந்தியில் வேகத்தைக் குறைத்தான்.

"அப்ப இது கோடு தெரியாத ஆள்," என்றான் ஒருவழியாக. "அல்லது கோட்டை நம்பாத ஆள்."

"ரெண்டாவது," என்றாள் யதுர்ஷிகா. "எல்வாரா எண்டால் கொக்கு எண்டு அடிச்சுச் சொல்லுற ஆள். அது எந்தக் காலம்?"

"சண்டைக்காலத் தடையில பற்றரி எங்கட பக்கம் வராத காலம். சைக்கிளைக் கவுட்டுப்போட்டுப் பெடலைச் சுத்தி டைனமோவில ரேடியோ கேட்ட காலம். நானும் சுத்தினனான். செய்தி முடியிறதுக்குள்ள என்ர கை முடிஞ்சிரும்."

"அந்த டைனமோவுக்கும் ரேடியோவுக்கும் நடுவில ஒரு டயோட்டு இருந்திருக்கும்."

"இருந்தது. நான் பெடல் சுத்தின ஆள் அக்கா, உள்ள திறந்து பாத்த ஆள் இல்லை."

"நான் தேடுறது திறந்து பாத்த ஆளை."

*

கிருபனின் வீடு பரந்தனில். கூட்டத்துக்குப் போக வெளிக்கிட்டவன் போல வெள்ளைச் சேர்ட் போட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தான். முப்பது வயசுக்காரன். கண்கள் நித்திரை கண்டு கனகாலம்.

யதுர்ஷிகா சுகம் விசாரிக்கவில்லை. துண்டுக் கடதாசி ஒன்றில் மூன்று படங்களைக் கீறினாள். ஒரு நட்சத்திரம், மூன்று சாய்ந்த கோடுகள், ஒரு கொக்கு.

"எல்வாரா மார்க் எது?"

"கோடு," என்றான் உடனே.

"நல்லது."

அவள் கடதாசியை மடிக்கவில்லை. அவன் அதைப் பார்க்கவில்லை. நிஷாந்தன் பூவரசில் சாய்ந்து நின்று நகம் கடித்தான்.

"கிருபன், நீங்கள் மாத்தின சாமானில கொக்குத்தான் இருந்தது. உங்கட கையால பூட்டியிருக்கிறியள். ஒண்டும் தெரியாத ஆள் எண்டால் இப்ப என்ன சொல்லியிருக்க வேணும்? கோடும் வாறது, இந்த முறை கொக்கும் வந்தது, என்ன சங்கதி எண்டு என்னைத் திருப்பிக் கேட்டிருக்க வேணும். நீங்கள் கொக்கைக் கண்டும் காணாத மாதிரிப் போறியள்."

கிருபன் செருப்பால் மண்ணைக் கீறினான். "என்னைக் குடுக்கிறதெண்டால் குடுக்கட்டும். நீங்கள் ஏன் மினக்கெடுறியள்?"

"உங்கட மனுசி கேட்டவா."

"அவாவை உங்களிட்டப் போய் வேண்டாம் எண்டு சொல்லச் சொன்னனான்."

அப்போது ஜெயரூபி தேத்தண்ணித் தட்டோடு குசினியிலிருந்து வந்தாள். கடதாசியைக் கண்டு குனிந்தாள்.

"என்ன, சின்னப்பிள்ளையள் மாதிரிப் படம் கீறுறியள்?"

"எல்வாரா மார்க் எதெண்டு கேட்டனான்," என்றாள் யதுர்ஷிகா. "உங்களுக்குத் தெரியுமோ?"

"உது தெரியாதே? கொக்கு." சிரித்துக்கொண்டே சொன்னாள்.

கிருபனின் கை தட்டில் மோதியது. ஒரு கப் சரிந்து தேத்தண்ணி அவன் சேர்ட்டில் ஊற்றியது. அவன் துடைக்கவில்லை.

"எங்க கண்டனீங்கள்?" யதுர்ஷிகா மெதுவாகத்தான் கேட்டாள்.

"அப்பான்ர அலுமாரிக் கதவில. சின்னனில இருந்து ஒட்டிக் கிடக்குது. அந்தக் காலத்தில அப்பாதான் எங்கட பக்கம் முழுக்க ரேடியோ..." அவள் நிறுத்தினாள். புருசனின் முகத்தைப் பார்த்தாள். அவனுடைய சேர்ட்டைப் பார்த்தாள்.

"கொழும்பில இருந்து வாற சாமான் பாசல் எங்க வந்து இறங்குறது?"

கிருபன் சொன்னான். "மாமான்ர கடைக்கு. நாங்கள் ரெண்டு பேரும் பகல்ல வீட்டில இல்லை."

"அவர்தான் உங்களிட்டக் கொக்கைத் தந்தவர்."

"பழைய அசல் ஸ்டொக் எண்டு சொன்னவர். கோட்டை விட நல்லதாம். நம்பினன். முதல் பெட்டி வெடிக்கேக்கதான் விளங்கினது. அதுக்குள்ள மற்ற ரெண்டையும் பூட்டியிட்டன்."

"ஓடிப்போய்க் கழட்டியிருக்கலாமே."

"கழட்டினால் ஏனெண்டு கேப்பினம்." அவன் முதன்முறையாக நிமிர்ந்தான். "இவளுக்கு முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு மிஞ்சினது அவர் ஒராள். நான் உள்ள போனால் திரும்பி வருவன். அவர் அந்த வயசில போனால் வரமாட்டார்."

"சிவனேஸ்வரியக்கான்ர கை?" என்றாள் யதுர்ஷிகா.

நல்லவர்கள் இப்படித்தான் ஒரு கணக்கை மறந்துபோகிறார்கள். மறந்த கணக்கில் வேறு யாரோ எரிகிறார்கள்.

ஜெயரூபி தட்டை நிலத்தில் வைத்தாள். "நானும் வாறன்," என்றாள்.

"எங்க?" என்றான் கிருபன்.

"அப்பாட்ட."

*

கிளிநொச்சிச் சந்தைக்கு அருகே ஜெயரூபியின் அப்பா சிற்றம்பலத்தின் கடை ஒரு ஆள் அகலம். சாவி வெட்டுவது, றப்பர் சீல் செய்வது, பழைய ரேடியோ திருத்துவது. ஜெயரூபி கடைக்கு ஒதுக்குப்புறமாக ஓட்டோவுக்குள்ளேயே இருந்தாள். அவளே அப்படிக் கேட்டாள்.

சிற்றம்பலம் கண்ணில் செருகிய பூதக்கண்ணாடி வில்லையோடு நிமிர்ந்தார். யதுர்ஷிகா பலகையில் கடதாசியை விரித்துக் கொக்கின் மேல் விரலை வைத்தாள்.

"ஐயா, இந்த மார்க் போட்ட சாமான் அசலோ?"

"கொக்கோ? அசலுக்கு அசல். இடி விழுந்தாலும் சாகாது. ஆர் கேக்கினம்?"

"கம்பனிக்காரர் போலி எண்டு சொல்லுறார்."

"அவனுக்கு என்ன தெரியும்? அவன் அனுப்புறதுதான் கள்ளச் சாமான். மூண்டு கோட்டைக் கீறி எல்வாரா எண்டு எங்கட தலையில கட்டுறான். கொழும்பு எண்டைக்கு எங்களுக்கு அசல் அனுப்பினது?"

"அந்தக் கள்ளச் சாமானை என்ன செய்தனீங்கள்?"

வில்லை கண்ணிலிருந்து விழுந்தது. அவர் அதைப் பலகையில் தேடினார். தேவைக்கு அதிகமாகத் தேடினார்.

"வவுனியாவில ஒருத்தர் நல்ல விலைக்குக் கேட்டிருப்பார்," என்றாள் யதுர்ஷிகா. "கள்ளச் சாமானுக்கு ஏன் நல்ல விலை தாறான் எண்டு நீங்கள் யோசிக்கேல்லை. பதிலுக்குப் பேரில்லாத சாமான் வாங்கினீங்கள். அம்பிளிபயருக்குப் போடுறது. அளவு அதே, காலும் அதே மூண்டு. பேரில்லாட்டி மருமகன் கேப்பான். அதனால சீல் வெட்டி அச்சுக் குத்தினீங்கள். சரியோ?"

"இல்லாத கதை கதையாதேங்கோ. ஆர் சொன்னது நான் குத்தினதெண்டு?"

"கொக்குச் சொன்னது. எல்வாரா கொக்கை விட்டு இருபத்தைஞ்சு வருசத்துக்கு மேல. மூண்டு கோடுதான் ஐயா இப்ப அசல். உலகத்தில ஒரு கள்ளனும் இப்ப கொக்குக் குத்தமாட்டான். கொக்கை மறக்காத ஆள்தான் குத்துவான்."

சிற்றம்பலம் கடதாசியிலிருந்த கொக்கைத் தொட்டார். பொலிசைப் பற்றிக் கேட்பார் என்று யதுர்ஷிகா எதிர்பார்த்தாள். மருமகனைப் பற்றிக் கேட்டிருந்தால் அவரைக் கொஞ்சம் மதித்திருப்பாள்.

"கொக்கை எடுத்திட்டாங்களோ?" என்றார் அவர். "எப்ப எடுத்தவங்கள்? ஏன்?"

ஒத்துக்கொண்டது அவ்வளவுதான். அதற்கு மேல் தேவைப்படவில்லை.

"அந்த நாளையில எதை எதுக்குப் போட்டுச் சமாளிச்சம்," என்று தொடர்ந்தார், பலகையைப் பார்த்தபடி. "மண்ணெண்ணெயில மோட்டச்சைக்கிள் ஓடினது. இதுவும் ஓடும் எண்டு நினைச்சன். கொஞ்ச நாளைக்கெண்டாலும்."

"மூண்டு பெட்டி வெடிச்சிட்டுது. ஒரு பொம்பிளையின்ர கை எரிஞ்சிட்டுது. நீங்கள் கடையைத் திறந்து வைச்சுக்கொண்டு இருக்கிறியள்."

"கிருபன் பாத்துக்கொள்ளுவான் எண்டு..."

ஜெயரூபி கடை வாசலில் நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று ஒருவரும் கவனிக்கவில்லை. அழுதிருக்கவில்லை.

"பிள்ளை," என்றார் சிற்றம்பலம். "நீ ஏன் இஞ்ச..."

"வெளியில வாங்கோ அப்பா."

"கொஞ்சம் பொறு. இந்தச் சாவியை வெட்டி முடிச்சிட்டு..."

"வாங்கோ."

அவர் வந்தார். அவள் இரும்புக் கதவை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து இறக்கினாள். பூட்டைப் போட்டாள். சாவியை அவரிடம் கொடுக்காமல் தன் கைப்பைக்குள் போட்டுச் சிப்பை இழுத்தாள். நிஷாந்தன் ஓட்டோவை ஸ்டார்ட் பண்ணி, பின்சீட்டில் கிடந்த தன் துவாயை எடுத்து இடம் விட்டான்.

"தர்மபுரம்தானே தங்கச்சி?" என்று கேட்டான்.

"ஓம் அண்ணா. கூட்டம் தொடங்க முதல் போக வேணும்."

சிற்றம்பலம் ஒரு காலை ஓட்டோவுக்குள் வைத்து நின்றுவிட்டார். மகளின் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"கிருபன் ஊர்ச் சனத்திட்ட என்னைப் பற்றி என்ன சொன்னவன்?"

"அவர் ஒண்டும் சொல்லேல்லை," என்றாள் ஜெயரூபி. "அதாலதான் நீங்கள் வாறியள். ஏறுங்கோ."